கல்யாணம் நின்றது உன் கழுத்தால் அல்ல

மகனே, அத்தா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. அம்மா நன்றாக இருக்கிறாள், தங்கை நன்றாக இருக்கிறாள், எனக்கும் வாய் வழக்கம்போல் நன்றாகவே வேலை செய்கிறது. அந்த வாயை நம்ப முடியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குச் சத்தம் கூடிவிடும். நீ "சரி அத்தா, சரி அத்தா" என்று சொல்லி வைத்துவிடுவாய். மதியத்து லுஹர் தொழுகை முடிந்து கடையில் ஆள் வராத நேரம் இது. சிதம்பரத்து வெயிலில் இந்நேரம் யாரும் மெத்தை வாங்க வரமாட்டார்கள். உறைத் துணி வெட்டுகிற பலகையில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுதியதை அம்மா படிக்கட்டும், தங்கை படிக்கட்டும், வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து அம்மாவிடம் பேசினாய் அல்லவா, மஸ்கட் வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று. அவள் கையில் வெங்காயம் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது என்று அவள் பேச்செடுத்ததும் நீ சொன்னாய்: "வேணாம்மா. இனிமே எனக்குப் பொண்ணு பாக்காதீங்க. சேதாரமான சரக்க யார் தலையிலயும் கட்டாதீங்க." அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நம் கடையில் எலி கடித்த மெத்தையைத் தனியாக ஒதுக்கிப் போட்டு சேதாரம் என்று சாக்பீஸில் எழுதுவோமே, அந்த வார்த்தையை நீ உன் மேல் எழுதிக்கொண்டுவிட்டாய். அதை எழுத சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தவன் நான்.

உனக்குப் பேசிய பெண் ஷமீமா வீட்டில் உன்னை வேண்டாம் என்று சொன்னது உன் கழுத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படித்தான் நான் உன்னிடம் சொன்னேன். "விஷயம் தெரிஞ்சிபோச்சுடா, வேணாம்னுட்டாங்க" என்று, ஏதோ அவர்கள்தான் கல்நெஞ்சக்காரர்கள் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வியாபாரிக்கு அந்த மாதிரிப் பேச்சு கைவந்த கலை. நீயும் நம்பினாய். மறு மாதமே சென்னைக்கு வண்டியேறினாய். நடந்ததை இப்போது முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

கடலூரில் அந்த லாட்ஜுக்கு மெத்தைகளை இறக்கிவிட்டு நாம் குட்டியானை வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். புதுச்சத்திரத்துக்கு முன்னால் சாலை வேலை நடந்ததால் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். நீ ஸ்டியரிங்கில் இருந்தாய். நான் பக்கத்தில், மாதிரிக்குக் கொண்டுபோன இலவம் பஞ்சுத் தலையணையைப் பின்னந்தலைக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டேன். நீ பாட்டிலை எடுக்க முன்னால் குனிந்த நேரத்தில் பால் வண்டி ஒன்று பின்னால் வந்து மோதியது. பெரிய இடி ஒன்றும் இல்லை. பின் கதவு நசுங்கியது, அவ்வளவுதான். இறங்கி அந்த டிரைவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். நீ என் தோளைப் பிடித்து, "விடுங்கத்தா, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றாய். அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே பரோட்டா சாப்பிட்டாய். மறுநாள் காலையில் பாயிலிருந்து உன்னால் தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

கடலூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. "எலும்பு நல்லாருக்குது. ஆனா சாட்டைய சொடுக்கினா எப்பிடிப் போயிட்டு வரும், அந்த மாதிரி தலை போயிட்டு வந்திருக்குது. சதையும் நரம்பு கட்டும் உள்ள இழுத்து அடிவாங்கியிருக்கும். அது படத்துல தெரியாது. சில பேருக்குச் சீக்கிரம் சரியாயிரும், சில பேருக்கு மாசக்கணக்குல இழுக்கும்." இத்தனை சொன்னாரே, நான் வீட்டுக்கு எடுத்து வந்தது முதல் வாக்கியத்தை மட்டும்தான். எலும்பு நல்லா இருக்கு. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். போதாக்குறைக்கு, "நானும் அதே வண்டியிலதான் இருந்தேன், எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் நம்ம கடைத் தலையணை" என்று பெருமை வேறு. நான் தலையைச் சாய்த்து வைத்திருந்ததும், நீ எனக்குத் தண்ணீர் எடுக்கக் குனிந்ததும்தான் வித்தியாசம் என்று அந்த டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் சில நாள் கழுத்துக்கு பெல்ட் போட்டிருந்தாய். அப்போது எனக்கு உன்மேல் இரக்கம் இருந்தது, ஏனென்றால் கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றிய பிறகு என் இரக்கமும் கழன்றுவிட்டது. பார்த்தால் ஆள் நன்றாக இருக்கிறாய். ஆனால் பில் போடக் குனிந்தால் பிடரியிலிருந்து வலி கிளம்பித் தலைக்கு ஏறுகிறது என்கிறாய். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறாய். மெத்தையைத் தூக்கித் தோளில் வைக்க முடியாது என்கிறாய். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினால் கண்ணை மூடிக்கொள்கிறாய். எனக்கு எரிச்சலாக வந்தது. தலையணை சரியில்லை என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே! மெலிசாக ஒன்று, கெட்டியாக ஒன்று, நடுவில் பள்ளம் வைத்து ஒன்று என்று தைத்துத் தைத்து உன் படுக்கையில் போட்டேன். ஒவ்வொன்றிலும் படுத்துவிட்டு காலையில் நீ "பரவால்லத்தா" என்று எனக்காகச் சொல்வாய். நான் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு கடையில் அந்த மாடலை விற்பேன்.

பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தபடி நீ சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையை உள்ளே இழுத்து இழுத்து விடுவாய். "என்னடா, கோழி மாதிரி" என்று கேட்டு நான் சிரித்தேன், கடைப் பையன்களும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து நீ அதை மாடியில் போய்ச் செய்தாய். உன் அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலாக என்னிடம் குரலை உயர்த்தினாள். "வலிக்குதுன்னு சொல்ற புள்ளைய நம்பறதுக்கு உங்களுக்கு எக்ஸ்ரே வேணுமா? உங்களுக்குக் கல்லு வலி வந்தப்ப இந்தத் தெருவே கூடி நின்னுச்சே, யாராச்சும் காட்டு பாப்போம்னு கேட்டாங்களா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். சிறுநீரகக் கல் வந்தபோது நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடி வந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் நீதான் என் தலையை மடியில் வைத்திருந்தாய். "எங்க வலிக்குது, இப்ப கொறஞ்சிருக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். அதை நினைத்துப் பார்க்கவாவது செய்தேனா? "நீ சும்மா இரு, நீதான் அவனுக்கு எடம் கொடுக்கிற" என்று அவள் வாயை அடைத்தேன்.

சின்ன வயதில் நீ பஞ்சு மூட்டை மேலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாய். எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், மேலவீதி முழுக்க ஓடினேன். மாவுக்கட்டு போட்ட கையோடு உன்னைக் கடையில் உட்காரவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னேன். அந்த அத்தா எங்கே போனான் என்று நீ யோசித்திருப்பாய். அவன் எங்கேயும் போகவில்லை. அவனுக்குக் கண்ணால் பார்த்தால்தான் வலி. இவ்வளவு வயதாகியும் அந்தப் புத்தி எனக்கு மாறவில்லை.

பிறகு நாற்காலி வந்தது. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழும்போது கண் இருட்டுகிறது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டாய். அவர், "முடியாதவங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்குது தம்பி, சங்கடப்படாம நாற்காலில உக்காந்து தொழுங்க" என்று சொன்னார். அல்லாஹ்வே கொடுத்த சலுகை. அத்தாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. நம் பள்ளியில் கடைசி வரிசையில் ஓரமாகக் கிடக்கிற அந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் முட்டி தேய்ந்தவர்களுக்கும், ஆபரேஷன் ஆனவர்களுக்கும். அவர்களுக்கு நடுவில் கல்யாண வயதில் என் மகன். ஜமாஅத்தில் நான் ஒரு ஆள், முதல் வரிசையில் எனக்கென்று ஓர் இடம். ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தர், "என்ன பாய், அத்தா மொத வரிசை, மகன் கெழவங்க வரிசையா? மாத்தி உக்காந்துட்டீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் தட்டில் சோறு வைக்கும் முன்னாலேயே ஆரம்பித்தேன். அன்றைக்குப் பேசியதை இங்கே எழுதக் கை வரவில்லை. உனக்கு மறந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் கடலூர் முதுநகரிலிருந்து ஷமீமாவின் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண்ணைப் பெற்றவர் மரக்கடை வைத்திருக்கிறார், அளந்து பேசுகிற மனிதர். "வெள்ளிக்கிழம வர்றேன், ஜும்மா உங்க பள்ளியிலயே தொழுதுடறேன், அப்பிடியே தம்பியையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். அன்று காலையில் நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது உன் பக்கத்தில் வந்து நின்றேன். "இன்னிக்கு ஒருநாள் மட்டும் கீழ உக்காந்து தொழுதுடு. மொத வரிசையில, என் பக்கத்துல." நீ என்னைப் பார்த்து, "அத்தா, சொல்லிடலாமே" என்றாய். "எத சொல்றது? எக்ஸ்ரேல இல்லாதத எப்பிடிச் சொல்றது? ரெண்டு ரக்அத்துதானடா, ஜாஸ்தி நேரம் ஆகாது" என்றேன். நீ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாய்.

முதல் வரிசையில் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாய். தோளோடு தோள் ஒட்டி நிற்பதால் உன் உடம்பு எனக்கு முழுக்கத் தெரிந்தது. சஜ்தாவுக்குப் போகும்போது உன் மூச்சு நின்றது. எழும்போது உன் தோள் என் தோளில் இடித்தது. ஒருநாளும் அப்படி இடிக்காதவன் நீ. கடைசியில் சலாம் கொடுக்க எல்லோரும் வலப்பக்கம் முகத்தைத் திருப்பினோம். நீ முகத்தை மட்டும் திருப்பவில்லை, இடுப்புக்கு மேலே மொத்தமாகத் திரும்பினாய். உன் மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. அப்போது எனக்கு விளங்கியது மகனே. அந்த நிமிஷமே விளங்கிவிட்டது, உனக்கு வலி இருக்கிறது என்று. இதை நான் எழுதியே ஆகவேண்டும். பிறகு நான் சொன்ன பொய்களெல்லாம் தெரியாமல் சொன்னவை அல்ல.

வீட்டில் பிரியாணி பரிமாறும்போது நீ சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருந்தாய். அவர் என்னைக் கேட்டார்: "தம்பிக்கு கழுத்துல ஏதாச்சும் தொந்தரவா பாய்?" நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ராத்திரி தலகாணி மாத்திப் படுத்துட்டான் பாய், சுளுக்கு" என்றேன். தலையணை விற்கிறவன் வீட்டில் தலையணை சரியில்லையாம்! பள்ளியிலிருந்து வந்த வாயோடு, ஜும்மா அன்றைக்கு. அவர் லேசாகச் சிரித்தார். உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

பிறகு பெண் பார்க்க நாம் முதுநகருக்குப் போனோம். உன்னையும் ஷமீமாவையும் கூடத்தில் உட்காரவைத்து, நாங்கள் காது கேட்காத தூரத்தில் இருந்தோம். போகும்போதே உன்னை எச்சரித்திருந்தேன். "அந்தப் பொண்ணுகிட்ட கழுத்து கிழுத்துன்னு எதையும் ஒளறி வைக்காத. நிக்காஹ் முடிஞ்சதும் நீயே பக்குவமா சொல்லிக்க." நீ அன்றைக்கு வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வண்டியில் ஏறியதும், "நல்லா பேசுறாங்கத்தா" என்றாய். கொஞ்ச தூரம் போனதும், "சொல்லாம வந்தது ஒரு மாதிரி இருக்கு" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் போனில் ஒருமுறை கேட்டார், தம்பி உடம்பு இப்போது பரவாயில்லையா என்று. "இரும்பு மாதிரி இருக்கான்" என்றேன். அந்த மனிதர் உண்மையைச் சொல்ல எனக்கு வழிவிட்டு வழிவிட்டுப் பார்த்திருக்கிறார். நான் நுழையவே இல்லை. பிறகு ஒருநாள் அவர் சிதம்பரத்தில் வேறு வேலையாக வந்து நம் பள்ளியில் தொழுதிருக்கிறார். நீ வழக்கம்போல் கடைசி வரிசையில் நாற்காலியில் இருந்திருக்கிறாய், அவரை நீ கவனிக்கவில்லை. பாங்கு சொல்லும் மோதினார் அவரிடம், "மாப்ள பாவம், ஆக்ஸிடென்ட் ஆனதுலேருந்து இப்பிடித்தான் தொழறாரு" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். நேரே கடைக்கு வந்தார். நீ அப்போது பணம் கட்ட பேங்க்குக்குப் போயிருந்தாய்.

மெத்தைச் சுருள் மேல் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார். கோபமே இல்லை அவர் குரலில். "பாய், கழுத்து வலி உள்ள மாப்ளக்கி எம் பொண்ண கொடுக்க எனக்கு ஒரு தயக்கமும் கெடையாது. எனக்கே முட்டி வலி, எம் பொண்டாட்டிக்கி தைராய்டு. நாளக்கி எம் மகளுக்கும் ஏதாச்சும் வரும். பெத்த மகனோட வலியவே மறைக்கிற வீட்டுல, அவ வலிக்குதுன்னா யார்கிட்ட போயி சொல்லுவா?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இந்த வாய், மகனே. அவர் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும் எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? இதை உன்னிடம் எப்படிச் சொன்னால் என் தலை தப்பும் என்பதுதான்.

அப்படித் தப்பித்துக்கொண்டதற்கு நீ கொடுக்கிற விலைதான் அந்தச் சேதாரம் என்கிற வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் கடையில் எதையும் பார்க்கவில்லை. உறைத் துணியைத் தப்பாக வெட்டினேன். அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் தேவலையாக இருந்திருக்கும். "எம்புள்ள இத்தன மாசமா தன்னத்தானே வெறுத்துக்கிட்டு இருந்திருக்கான். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள். மறுநாள் காலையில் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். உன்னைக் கேட்காமல் போனது தப்பாக இருக்கலாம், கேட்டிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய்.

முதுநகரில் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சம்பந்தத்தைத் திரும்பப் பேச வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அவன் மேல தப்பில்ல பாய். மொத நாளே சொல்லிடலாம்னு சொன்னான். நான்தான் விடல. உங்க மககிட்டயும் சொல்லணும்னு துடிச்சான். நான்தான் அவன் வாயக் கட்டிப்போட்டேன். நீங்க என்னப் பாத்து வேணாம்னு சொன்னீங்க. அவன்கிட்ட நான் அத மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர், "எம் மகளுக்கும் அதுதான் வருத்தம் பாய். அவ்வளவு நேரம் பேசினாரு, இத மட்டும் மறைச்சிட்டாரேன்னு. நீங்க சொல்லித்தான் சொல்லலன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அப்போது உள்ளறையிலிருந்து, திரைக்குப் பின்னால், அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அன்று பள்ளிக்கூடம் லீவு போலிருக்கிறது. "அத்தா, அவுங்க கழுத்து இப்ப எப்பிடி இருக்குதுன்னு கேளுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். இப்போது உனக்குக் குனிய முடிகிறதா, சென்னையில் யாரிடம் காட்டுகிறாய், அந்தத் தலைவலி குறைந்ததா, இரவில் தூங்குகிறாயா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அடிபட்ட நாளிலிருந்து இன்றுவரை நான் உன்னிடம் சரியாயிடுச்சா என்று கேட்டிருக்கிறேன், இன்னுமா சரியாகல என்று கேட்டிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை. ஒருமுறை பார்த்த பெண் கேட்கிறாள். பெற்றவன் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துண்டால் துடைத்துக்கொண்டேன்.

"தெரியலம்மா" என்றேன். அவர்தான் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாசல்வரை வந்து, "தம்பி மஸ்கட் போறதுக்கு முன்னாடி ஒருதரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க. நடக்குதோ நடக்கலயோ, அது அல்லாஹ்வோட நாட்டம். ரெண்டு பேரும் ஒளிவுமறைவு இல்லாம பேசிக்கட்டும். ஆனா ஒண்ணு பாய், தப்பா நெனக்காதீங்க. அவரு மட்டும் வரட்டும். நீங்க வர வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

ஆகவே, போய்விட்டு வா. இது என் உத்தரவு இல்லை. உத்தரவு போடுகிற யோக்கியதை எனக்குத் தீர்ந்துபோயிற்று. உனக்குப் போக மனமில்லை என்றால் போகாதே, மஸ்கட்டுக்கே போ, அதுவும் சரிதான். யாரும் உன்னைத் தள்ளவில்லை என்பது தெரிந்து போ, அவ்வளவுதான் நான் கேட்பது. போனால் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல். எதைத் தூக்க முடியாது, எவ்வளவு நேரம் உட்கார முடியாது, எந்த நாளில் உனக்கு யார் பேச்சும் பிடிக்காமல் போகிறது என்பதுவரை சொல். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, வலிக்குது என்று வந்து நின்றால், அதன் வாயைப் பார்த்து நம்பு. உன் அத்தாவைப் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

எனக்கு நீ பதில் எழுதியாக வேண்டும் என்று இல்லை. முதலில் அவளுக்குச் சொல், அவள்தான் முதலில் கேட்டாள். அதற்குப் பிறகு என்மேல் கொஞ்சம் மனம் இறங்கினால், இந்த அத்தாவுக்கும் ஒரு வார்த்தை சொல். உன் கழுத்து இப்போது எப்படியப்பா இருக்கிறது?